புதுக் கார்டு வாங்கும் முன் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள்

கேள்வி: நாலு வருடத்துக்கு முன்பு நானே தண்ணீர்க் குளிரூட்டலோடு ஒரு கம்ப்யூட்டர் கட்டினேன். ரைசன் 7 5800எக்ஸ் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு, 30 மி.மீ. தடிமனில் ஒரே ஒரு 360 (மூன்று 120 மி.மீ. ஃபேன் நீள) ரேடியேட்டர், டி5 பம்ப், வளைத்துப் போட்ட பிஇடிஜி (கெட்டி பிளாஸ்டிக்) குழாய்கள், பால் மாதிரி வெள்ளைக் கூலன்ட். ஆரம்பத்தில் கேம் ஓடும்போது கார்டு 55 டிகிரியில் நின்றது. இப்போது அதே கேமில் 68 வரை போகிறது. ஆர்டிஎக்ஸ் 5090, ஏஎம்5 சாக்கெட் உள்ள போர்டில் ரைசன் 9 9950எக்ஸ் என்று மாறப் போகிறேன். பழைய ரேடியேட்டர் போதுமா? ஓர் அலுமினிய ரேடியேட்டர் கைவசம் இருக்கிறது, சேர்க்கலாமா? குழாய், பிளாக் (சில்லின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் உலோகத் துண்டு), கூலன்ட் இவற்றில் எதை வைத்துக்கொள்ளலாம்?

பதில்: கார்டின் சூட்டைச் சொன்னீர்கள், தண்ணீரின் சூட்டைச் சொல்லவில்லை. அந்த எண் இல்லாமல் 55 ஏன் 68 ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது. அறை, தண்ணீர், கார்டு என்று மூன்று சூடுகள். அறைக்கும் தண்ணீருக்கும் இடையிலான வித்தியாசம் கூடியிருந்தால் குறை ரேடியேட்டர் பக்கம்: தூசி அடைத்திருக்கலாம், ஃபேன் மெதுவாகச் சுற்றலாம், கேபினெட்டுக்குள் புதுக்காற்று வராமல் இருக்கலாம். தண்ணீருக்கும் கார்டுக்கும் இடையிலான வித்தியாசம் கூடியிருந்தால் குறை பிளாக் பக்கம்: உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கும், அல்லது சில்லுக்கும் பிளாக்குக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து விலகியிருக்கும்.

தண்ணீரில் சென்சார் இல்லையே என்பீர்கள். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அரை மணி நேரம் கேமை ஓட விட்டுச் சட்டென்று மூடுங்கள். கார்டின் சூடு சில வினாடிகளில் சரிந்து ஓரிடத்தில் நிற்கும். வேலை இல்லாத கார்டு தண்ணீரைவிட இரண்டு மூன்று டிகிரிதான் கூட இருக்கும் என்பதால், அது நிற்கும் இடம் ஏறக்குறைய தண்ணீரின் சூடு. 68-இலிருந்து 45-க்குச் சரிந்தால் தண்ணீர் 42, 43 இருக்கும். அப்படியானால் கேம் ஓடும்போது வித்தியாசம் 25 டிகிரி. 320 வாட் கார்டுக்கு 10 முதல் 15 வரை இருக்க வேண்டிய இடத்தில் 25 என்றால் குறை பிளாக் பக்கம்தான். 68-இலிருந்து 57-இல் வந்து நின்றால் பிளாக் மேல் பழி போடாமல் ரேடியேட்டரைக் கழற்றித் தூசியைப் பாருங்கள்.

எதுவும் அளக்காமல் பந்தயம் கட்டச் சொன்னால் நான் பிளாக் மேல்தான் கட்டுவேன். காரணம் அந்தப் பால் வெள்ளைக் கூலன்ட். அதில் வெள்ளை நிறம் கரைந்திருக்கவில்லை, நுண்துகள்களாக மிதக்கிறது. பிளாக்கின் உள்ளே செம்பில் சீவிய வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மயிரிழை அளவுதான். நாலு வருடத்தில் அந்தத் துகள்கள் அங்கே படியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். படம் எடுக்க அழகான திரவம், மறுக்கவில்லை. வருடக்கணக்கில் ஓடும் கம்ப்யூட்டருக்கு நான் அதை ஊற்ற மாட்டேன். நிறமில்லாத ரெடிமேட் கூலன்ட், அல்லது டிஸ்டில்டு வாட்டரோடு அரிப்புத் தடுப்பானும் பாசித் தடுப்பானும் சேர்ந்த கலவை போதும். எதுவானாலும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு வருடத்தில் மாற்றிவிட வேண்டும். பழையதன் மேல் புதியதை ஊற்றி நிரப்ப வேண்டாம்; வேறு வேறு கலவைகள் சேர்ந்தால் கூழாகத் திரளலாம்.

இனி பெரிய கேள்விக்கு வருவோம். 120 மி.மீ. ஃபேன் ஒன்றுக்கான ரேடியேட்டர் பரப்பு, ஃபேன் மிதமான வேகத்தில் சுற்றும்போது, சுமார் 100 வாட்டை வெளியேற்றும். அப்போது தண்ணீர் அறையைவிட 10 டிகிரி சூடாக இருக்கும். இது கைக்கணக்குதான். பிராண்டுக்குப் பிராண்டு, ஃபேனுக்கு ஃபேன் மாறும், ஆனாலும் திட்டம் போடப் போதும். உங்கள் 360-இல் மூன்று ஃபேன், அதாவது 10 டிகிரிக்கு 300 வாட். பழைய 3080 320 வாட், 5800எக்ஸ் உச்சத்தில் 142 வாட், மொத்தம் 462. தண்ணீர் அறையைவிட 15 டிகிரி மேலே போயிருக்கும். குறை சொல்ல முடியாது.

புதிய ஜோடியைப் பாருங்கள். 5090 மட்டுமே 575 வாட். 9950எக்ஸ் பெட்டியில் 170 வாட் என்று இருந்தாலும் ஏஎம்5 சாக்கெட்டின் உச்ச வரம்பு 230 வாட் வரை போகும். இரண்டும் சேர்ந்து முழு மூச்சில் உழைத்தால் 800 வாட், அதே ரேடியேட்டரில் 27 டிகிரி. அறை 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால் தண்ணீர் 57. டி5 பம்ப் தாங்கும் திரவச் சூட்டின் எல்லையே 60 டிகிரி. பிஇடிஜி குழாயும் அந்தச் சூட்டை நெருங்கும்போதே தளர ஆரம்பிக்கும். ஃபிட்டிங்கின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பிடிப்பு விட்டுக் குழாய் நழுவினால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேம் மட்டும் விளையாடுபவருக்கு பிராசசர் இவ்வளவு இழுக்காது. ஆனாலும் 650 வாட் வந்தே தீரும்.

ஆக, ஒரு ரேடியேட்டர் போதாது. இன்னொரு 360 சேர்த்தால் 57 என்பது 43, 44-க்கு இறங்கும். இருக்கிற 30 மி.மீ. ரேடியேட்டரைத் தூக்கிவிட்டு 60 மி.மீ. தடியன் ஒன்றைப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்குத் தடிமனால் பெரிய லாபம் இல்லை, காற்று உள்ளே புகத் திணறும். பரப்பைக் கூட்டுவதுதான் வழி. வாங்கும் முன் டேப்பை எடுத்து அளந்துகொள்ளுங்கள். 360 என்பது ஃபேன்களின் நீளம்தான். இரு முனையிலும் உள்ள தண்ணீர்ப் பெட்டிகளைச் சேர்த்தால் ரேடியேட்டர் 390, 400 மி.மீ. வரை வரும். 30 மி.மீ. ரேடியேட்டரோடு 25 மி.மீ. ஃபேன் சேர்ந்தால் 55 மி.மீ.; மேல்பக்கம் பொருத்துவதானால் அது மெமரியில் இடிக்கிறதா, மதர்போர்டின் மேல்விளிம்பு ஹீட்சிங்கில் இடிக்கிறதா என்று பாருங்கள். ஒரு ரேடியேட்டர் துப்பும் சூடான காற்றையே அடுத்தது உறிஞ்சும்படி வைக்காதீர்கள்.

அலுமினிய ரேடியேட்டர் வேண்டவே வேண்டாம். உங்கள் பிளாக்குகள் செம்பு, அல்லது நிக்கல் பூசிய செம்பு. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நின்றால் அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரித்துக்கொண்டே இருக்கும். கரைந்த கசடு நேராகப் பிளாக்கின் வரிகளுக்குள் போய் உட்காரும். காரில் எல்லா உலோகமும் கலந்துதானே ஓடுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கென்றே கடுமையான அரிப்புத் தடுப்பான் சேர்த்த கூலன்ட் அது, குழாய்களும் சீல்களும் அதற்கேற்ப. கைவசம் இருக்கிறது என்பதற்காக அந்த ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள்.

பம்பை மாற்ற வேண்டியதில்லை. சத்தம் இல்லாமல் ஓடுகிற டி5 இரண்டு ரேடியேட்டரையும் இரண்டு பிளாக்கையும் தாராளமாகத் தள்ளும். எது முன்னால், எது பின்னால் என்று மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடும் தண்ணீர் 1 டிகிரி ஏற 70 வாட் வேண்டும். டி5 நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் தள்ளுகிறது என்று வைத்தால் 245 வாட்டுக்கு 1 டிகிரி. 800 வாட்டையும் ஒரே சுற்றில் வாங்கிக்கொண்டாலும் லூப்பின் (தண்ணீர் சுற்றிவரும் பாதையின்) மிகக் குளிர்ந்த இடத்துக்கும் மிகச் சூடான இடத்துக்கும் வித்தியாசம் மூன்றேகால் டிகிரிதான். குழாய் எப்படி நேராகவும் அழகாகவும் போகிறதோ அப்படியே போடுங்கள். ரிசர்வாயர் (கூலன்ட் நிற்கும் தொட்டி) பம்புக்கு முன்னால், அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் விதி. உள்ளே ஓடும் திரவம்தான் டி5-க்கு மசகு. காய்ந்தபடி ஓடினால் பம்ப் கெட்டுவிடும்.

பிராசசர் பிளாக்கை வைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். உங்கள் பழைய ஏஎம்4 போர்டின் பின்தகட்டையே பயன்படுத்தி மாட்டிய பிளாக் என்றால் ஏஎம்5-இலும் உட்காரும். பிளாக்கோடு வந்த சொந்தப் பின்தகட்டைப் போட்டிருந்தால் உட்காராது, ஏனென்றால் ஏஎம்5-இல் சாக்கெட்டைப் பிடித்திருப்பதே அந்தப் பின்தகடுதான், கழற்ற முடியாது. அப்போது உங்கள் பிளாக்குக்கு ஏஎம்5 மாட்டும் சட்டம் கிடைக்கிறதா என்று பாருங்கள். 9950எக்ஸ் முழு பாரத்தில் 80-ஐத் தாண்டினால் பதறவும் வேண்டாம். குட்டிச் சில்லில் அவ்வளவு வாட்டும் குவிவதால் எவ்வளவு நல்ல தண்ணீர் ஓடினாலும் அது சூடாகத்தான் காட்டும். அதன் எல்லை 95.

கார்டு பிளாக் கதை வேறு. 3080-க்கான பிளாக் 5090-க்குப் பொருந்தாது. 5090 பிளாக் என்று எழுதியிருந்தாலே எல்லா 5090-க்கும் பொருந்தும் என்றும் இல்லை. ஒவ்வொரு கம்பெனியின் போர்டும் வேறு அமைப்பு, என்விடியா தன் பெயரிலேயே விற்கும் ஃபவுண்டர்ஸ் எடிஷன் போர்டோ முற்றிலும் தனி. கார்டின் முழு மாடல் பெயரைப் பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் தேடிப் பார்த்த பிறகே இரண்டையும் வாங்குங்கள். கார்டு வந்ததும் அதன் சொந்த ஃபேன்களோடு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிறவிக் குறை உள்ள கார்டு அந்த வாரத்தில் தெரிந்துவிடும், கழற்றிய பிறகு வாரண்டி வாதம் வராது. கூலரைக் கழற்றினால் வாரண்டி என்னாகும் என்பதையும் முன்பே படித்துக்கொள்ளுங்கள். பிளாக்கோடு வரும் தெர்மல் பேட்களை (சூடு கடத்தும் மெத்தைத் துண்டுகளை)ச் சொன்ன இடத்தில் சொன்ன தடிமனில் ஒட்டுங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் பிளாக் தூக்கிக்கொண்டு சில்லைத் தொடாது. 5090-க்கு என்விடியா சொல்லும் பவர் சப்ளை 1000 வாட், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாய்? கார்டு மாறினால் துவாரங்களின் இடம் மாறும், பிஇடிஜி குழாயை மறுபடி வெட்டி வளைத்தாக வேண்டும். பொறுமை இருந்தால் செய்யுங்கள். என்னைக் கேட்டால் 10/16 அளவில் (உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ.) கறுப்பு இபிடிஎம் ரப்பர் குழாய்க்கு மாறிவிடுங்கள். கண்ணாடி மாதிரி தெரியும் பிவிசி குழாயைப் போல அது நாளடைவில் மங்காது, சூட்டில் இளகாது, கத்தியால் வெட்டினால் போதும். அழகு கொஞ்சம் குறையும். அடுத்த தடவை கார்டை மாற்றும்போது அதன் அருமை தெரியும். இரண்டு வகைக் குழாய்க்கும் ஃபிட்டிங் வேறு என்பதால் அந்தச் செலவைக் கணக்கில் வையுங்கள். பிளாக், ரேடியேட்டர் பக்கத்துத் திருகு எல்லாவற்றிலும் ஒரே ஜி 1/4 அளவுதான், அதில் கவலை இல்லை. ஃபிட்டிங் வாங்கும்போதே ஒரு வால்வும் வாங்கி லூப்பின் ஆகத் தாழ்ந்த இடத்தில் போடுங்கள், அடுத்த முறை கேபினெட்டைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் வடிக்க வேண்டியிருக்காது. ஒரு தண்ணீர்ச் சென்சாரையும் மாட்டிவிடுங்கள். அதன் இரு ஊசி வயருக்கு மதர்போர்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பழைய பிராசசர் பிளாக்கைக் கட்டாயம் பிரித்துக் கழுவ வேண்டும். திறக்கும் முன் ஒரு படம், ஓ-ரிங்கைத் தூக்கும் முன் இன்னொரு படம் எடுங்கள். உள்ளே ஒரு சிறு தகடு தண்ணீரை வரிகளின் நடுவே பாய்ச்சும். அதைத் திருப்பிப் போட்டால் எல்லாம் வீண். மென்மையான பல் துலக்கும் பிரஷ், பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் போதும். நிக்கல் பூச்சு இருந்தால் வினிகர் வேண்டாம். அக்ரிலிக் பாகங்களை ஆல்கஹால் தொட்டுத் துடைக்காதீர்கள், மெல்லிய வெடிப்பு விழும். ரேடியேட்டர்களில் சூடான டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள், வெள்ளை வருவது நிற்கும் வரை. பழைய ரேடியேட்டருக்கு ஆறேழு தடவை பிடிக்கும். புதியதிலும் பற்றவைத்தபோது சேர்ந்த கசடு இருக்கும், அதையும் விடாதீர்கள்.

கசிவு சோதனையில் மட்டும் அவசரம் கூடாது. ஒருமுறை நான் எல்லாம் மாட்டிவிட்டுக் கார்டு பிளாக்கின் பின்பக்கத்து மூடியைத் திருக மறந்துவிட்டேன். நிரப்பிய முதல் நிமிடமே தண்ணீர் போர்டு மேல் ஓடியது. பம்புக்கு மட்டும்தான் கரண்ட் போயிருந்தது, துடைத்து இரண்டு நாள் காயவிட்டு ஓட்டினேன், பிழைத்தது. அன்று முதல் தண்ணீருக்கு முன்னால் காற்று. கேஜ் உள்ள கைப்பம்பால் அரை பாருக்கு மேல் போகாமல் அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் பாருங்கள். முள் இறங்காமல் நின்றால், மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகும் வயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டு, பவர் சப்ளையின் 24 ஊசி முனையில் மதர்போர்டு இல்லாமலே அதை ஓட வைக்க விற்கும் பிரிட்ஜ் செருகி, பம்பை மட்டும் ஓட்டி நிரப்புங்கள். ரிசர்வாயர் காலியாகப் போகும்போதெல்லாம் நிறுத்தி ஊற்றுங்கள். கேபினெட்டை இப்படியும் அப்படியும் சாய்த்தால் காற்றுக் குமிழ்கள் வெளியேறும். ஃபிட்டிங்குகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்துச் சில மணி நேரம் ஓட விட்டு, ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகே மற்ற வயர்களை மாட்டுங்கள்.

அப்புறம் ஃபேன் வேகத்தை பிராசசர் சூட்டோடு கட்டி வைக்காதீர்கள். அது வினாடிக்கு வினாடி குதிக்கும், ஃபேனும் கூடவே ஊளையிடும். புதுச் சென்சாரோடு கட்டுங்கள்: தண்ணீர் 35 டிகிரி வரை மெதுவாக, 45-இல் முழு வேகம். அறை 30 டிகிரியைவிடச் சூடாக இருந்தால் இரண்டு எண்ணையும் ஐந்தைந்து ஏற்றிக்கொள்ளுங்கள்.