இலை காயட்டும், பிறகு பசை: கலவை ஊடக ஓவியம், வாசகர் கேள்வி–பதில்

சில்வர் ஓக் இலையையும் பெரணியையும் பிளைவுட்டில் ஒட்டி வார்னிஷ் அடித்தேன். ஒரே மாதத்தில் இலைக்கடியில் கொப்புளம், சாம்பல் பூஞ்சணம். ஏன்? (வாசகி, குன்னூர்)

இலை முழுசாகக் காயவில்லை, பலகையும் ஈரம் குடித்திருக்கிறது. மேலே வார்னிஷ் மூடிவிட்டதால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை.

மழை மாதங்களில் சுவரே வியர்க்கும் ஊரில், இலையைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு மறந்தால் காயாது. பனி உலர்ந்தபின் பறித்து, செய்தித்தாள் அடுக்குகளுக்கு நடுவே வைத்து 5 கிலோ எடை ஏற்றுங்கள். முதல் 3 நாள் காலையும் மாலையும் தாளை மாற்றவும். அப்புறம் தினம் ஒரு முறை போதும். மழைக்காலத்தில் 2, 3 வாரம்கூட ஆகும். காம்பைப் பிடித்துத் தூக்கினால் பெரணி துவளக் கூடாது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

பிளைவுட்டுக்கு இரு பக்கமும் அக்ரிலிக் பிரைமர் 2 பூச்சு. விளிம்புகளை விட்டுவிடாதீர்கள், தண்ணீர் அதிகம் ஏறுவது அந்த வழியாகத்தான். சில்வர் ஓக்கின் நடுநரம்பு தடிமனாக இருக்கும், கொப்புளம் அங்கேதான் தொடங்கும். ஒட்டும் பக்கத்தில் அதை பிளேடால் சீவி மெலிதாக்குங்கள். 3 பங்கு வெள்ளைப் பசைக்கு 1 பங்கு தண்ணீர், மெல்லிய பூச்சு போதும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தி, பட்டர் பேப்பர் மூடி, இரவு முழுக்க எடை வையுங்கள்.

எங்கள் சிபாரிசு, வெள்ளிப் பக்கம் மேலே இருக்கட்டும். பச்சை சீக்கிரம் பழுப்பாகிவிடும், வெள்ளி நின்று பேசும். ஆனால் அந்த மினுமினுப்பு இலையடியில் உள்ள நுண்ணிய ரோமங்களால் வருவது, வார்னிஷ் பட்டால் மங்கிவிடும். அதனால் வார்னிஷைத் தவிர்த்து, இலையில் படாதபடி இடைவெளி விட்டுக் கண்ணாடிச் சட்டம் போடுங்கள்.

பயணத்தில் சேர்த்த பஸ் டிக்கெட்டுகளை அப்படியே ஒட்டலாமா? (வாசகர், கோத்தகிரி)

கையடக்க மெஷினில் வருவது வெப்பத்தாள், எழுத்து மங்கி மறைந்துவிடும். இன்றே லேசர் ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டுங்கள்.

இடும்பன் சிவகிரி, சக்திகிரியைக் காவடியாகச் சுமக்கும் காட்சியைச் செம்மண்ணில் செய்கிறேன். காய்ந்ததும் வெடித்து உதிர்கிறது. (வாசகர், பழனி)

மண்ணை முதலில் கழுவ வேண்டும். வாளித் தண்ணீரில் கலக்கி ஒரு நிமிடம் விட்டால் மணல் அடியில் தங்கும். கலங்கல் நீரை வேறு பாத்திரத்துக்கு இறுத்து, ஓரிரவு தெளியவிட்டு, வண்டலைக் காயவைத்துப் பொடியுங்கள். வேலம் பிசின் 1 பங்கை 2 பங்கு வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, கெடாமலிருக்கக் கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். 2 கரண்டி மண்ணுக்கு 1 கரண்டி பிசின்நீரில் ஆரம்பியுங்கள். காய்ந்ததை விரலால் தேய்த்தால் ஒட்டி வருகிறதா, பிசின் குறைவு. பளபளத்து வெடிக்கிறதா, பிசின் அதிகம். மண்ணுக்கு மண் அளவு மாறும், முதலில் அட்டைத் துண்டில் சோதியுங்கள்.

மலைகளைப் புடைப்பாக்க மண்ணையே குவித்தால் வெடிக்கத்தான் செய்யும். காகிதக்கூழ், சுண்ணக்கட்டித் தூள், வெள்ளைப் பசை சேர்த்துப் பிசைந்து, தடவைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பலகைமேல் வையுங்கள். ஒன்று காய்ந்தபின் அடுத்தது. மண் கடைசி மெல்லிய பூச்சு மட்டும். கேன்வாஸ் வேண்டாம், அது தொய்ந்தால் புடைப்பு பிளந்துவிடும். கதையில் பாம்புகளே காவடிக்குக் கயிறு. தேங்காய்நார்க் கயிற்றைப் பிரித்து முறுக்கி ஒட்டினால் அழகாக வரும். தண்டு வளையட்டும், அப்போதுதான் கண்ணுக்கு எடை தெரியும்.

பாட்டியின் படப் பிரிண்ட்டை ஜெல் மீடியத்தால் (அக்ரிலிக் கூழ்) துணியில் கவிழ்த்து ஒட்டி, தாளைத் தேய்த்தெடுத்து முகத்தைப் பதித்தேன். அங்கங்கே தூளாக உரிகிறது. செய்தது டிசம்பரில். (வாசகர், ஊட்டி)

காரணம் குளிர். சுமார் 10 டிகிரிக்குக் கீழே அக்ரிலிக் ஒழுங்காகப் படலமாகாது, காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே பிடிப்பு இருக்காது. வெயில் ஏறியபின் வேலையைத் தொடங்கி, இரவில் சூடான அறையில் வையுங்கள். தாளைத் தேய்த்தெடுக்குமுன் 48 மணி நேரம் பொறுங்கள். லேசர் பிரிண்ட்தான் வேண்டும், இன்க்ஜெட் மை கரைந்துவிடும். துணியில் கஞ்சி இருந்தால் அலசிவிடுங்கள்.

தோடர் பூத்தையல் வடிவங்களை என் படத்தில் வரைந்து விற்கலாமா? (வாசகி, கூடலூர்)

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அது அந்த மக்களின் அடையாளம். 2013-ல் புவிசார் குறியீடும் பெற்றது. தோடர் பெண்கள் தைத்த சிறு துண்டை விலை கொடுத்து வாங்கி, யார் வேலை என்று படத்தின் கீழே எழுதிச் சேருங்கள். பசை போட்டால் நூல் விறைத்துக் கறை பிடிக்கும். பலகையில் ஒரு பருத்தித் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் ஓரத்தில் மட்டும் தையல் போடுங்கள்.