துப்பாக்கியை அளந்து பாருங்கள்

அன்புள்ள சார்,

என் தாத்தா இரண்டாம் உலகப்போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவில் இருந்தவர். இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும் வேலையும் பாலம் கட்டும் வேலையும் பார்த்திருக்கிறார். அவர் நினைவாக ஒரு சின்ன டயோரமா (சிப்பாய் பொம்மைகளை வைத்து அமைக்கும் காட்சி) செய்து வீட்டில் வைக்க ஆசை. இதற்காக இரண்டு கம்பெனிகளின் பிரிட்டிஷ் காலாட்படை செட்களை வாங்கினேன். இரண்டு பெட்டியிலும் 1/72 என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் ஒன்றில் ஆட்கள் 22 மி.மீ., இன்னொன்றில் 25 மி.மீ. பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறார்கள். நண்பர் ஒருவர் 28 மி.மீ. வாங்கு என்கிறார், இன்னொருவர் 1/35-தான் தரம், சின்னதெல்லாம் பொம்மை என்கிறார். எது சரியான ஸ்கேல்? எது நல்ல தரம்? கலந்து வைக்கலாமா? தாத்தா துப்பாக்கியோடு நிற்கும் படம் ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

கே., பெரம்பூர்

அன்புள்ள கே.,

தாத்தாவின் படத்தை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பியதற்கு நன்றி. அந்தப் படத்திலேயே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது.

முதலில் அந்த 22, 25 கணக்கு. 1/72 என்றால் நிஜ அளவில் 72-இல் ஒரு பங்கு. 25 மி.மீ.-ஐ 72-ஆல் பெருக்கினால் 180 செ.மீ. ஹெல்மெட்டுக்கும் பூட்ஸுக்கும் ஒரு 7 செ.மீ. கழித்தால் 173 வருகிறது. 5 அடி 8 அங்குல ஆள், நம்பலாம். 22 மி.மீ.-ஐ அதே மாதிரி பெருக்கினால் 158, கழித்தபின் 151. ஒரு ஆள் அப்படி இருக்கலாம், செட்டில் உள்ள எல்லோரும் அப்படி இருக்க முடியாது. அதையே 76-ஆல் பெருக்கிப் பாருங்கள், 167 வரும், ஹெல்மெட் போக 160. அந்தச் செட் பெரும்பாலும் 1/76 அளவுக்குச் செதுக்கப்பட்டு 1/72 பெட்டியில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். அளக்கும்போது காலடியில் இருக்கும் தட்டின் கனத்தைச் சேர்த்துவிடாதீர்கள். குதிகாலிலிருந்து அளக்க வேண்டும்.

இந்தக் குழப்பம் பழையது. ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1959-இல் சின்ன பிளாஸ்டிக் சிப்பாய்களை விற்க ஆரம்பித்தபோது பெட்டியில் எச்ஓ/ஓஓ என்று பொம்மை ரயிலின் அளவைத்தான் போட்டது. எச்ஓ என்றால் 1/87, ஓஓ என்றால் 1/76. இரண்டையும் ஒரே பெட்டியில் சேர்த்துப் போட்டபோதே துல்லியம் போய்விட்டது. 1/72 வேறு வழியாக வந்தது: ஒரு அங்குலத்துக்கு 6 அடி, விமான மாடல்களின் கணக்கு. பின்னாளில் அதே சிப்பாய்ப் பெட்டிகளில் 1/72 என்று அச்சிட்டார்கள். உள்ளே இருந்த ஆள் வளரவில்லை.

1/35-இன் கதையும் அப்படித்தான். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா கம்பெனி மோட்டாரில் ஓடும் பேந்தர் டாங்கி ஒன்றைச் செய்தது. உள்ளே பேட்டரியும் மோட்டாரும் உட்கார எவ்வளவு இடம் வேண்டுமோ அந்த அளவுக்கு டாங்கியை வரைந்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் அது ஏறக்குறைய 1/35. இன்று உலகம் முழுக்க ராணுவ மாடல் என்றால் முதலில் வருவது அந்த எண்தான். 54 மி.மீ. என்பது இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் கம்பெனி 1893 முதல் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களாக வார்த்த அளவு. அது 1/32-க்குப் பக்கம்.

உங்கள் நண்பர் சொல்லும் 28 மி.மீ. ஸ்கேலே அல்ல, உயரம். அதுவும் எந்த உயரம் என்பதில் ஒற்றுமை இல்லை. சிலர் குதிகாலிலிருந்து கண் வரைக்கும் அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலை வரைக்கும். போர் விளையாட்டுக்காகச் செய்யப்படுபவை இவை. மேஜைக்கு அந்தப்பக்கம் நிற்பவருக்கும் தெரிய வேண்டும் என்று தலை, கை, ஆயுதம் மூன்றையும் வேண்டுமென்றே பெரிதாக்குவார்கள். ஆட்டத்துக்கு அது நல்ல முடிவுதான். இந்த ஆட்டக்காரர்களுக்காக வரும் வண்டிகள் பெரும்பாலும் 1/56. ஆனால் உங்கள் வேலைக்கு அவை வேண்டாம். அந்தப் பெரிய கைகளை உங்கள் தாத்தாவுக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, பெட்டியை நம்பக் கூடாது, ஆள் உயரமும் ஆளுக்கு ஆள் மாறும் என்றால் எதை நம்புவது? துப்பாக்கியை. மனிதர்கள் 5 அடி 2 அங்குலமும் இருப்பார்கள், 6 அடியும் இருப்பார்கள். தொழிற்சாலையில் செய்த லீ என்ஃபீல்ட் ரைஃபிள் எல்லோர் கையிலும் ஒரே நீளம். அந்தப் போரில் இந்திய வீரர்கள் வைத்திருந்த பழைய மாதிரியும் சரி, பிறகு வந்த 4-ஆம் எண் மாதிரியும் சரி, கத்தி சொருகாமல் ஏறக்குறைய 113 செ.மீ. இது 1/72-இல் 15.7 மி.மீ., 1/76-இல் 14.9, 1/35-இல் 32.3, 1/32-இல் 35.3. உங்கள் இரண்டு செட்டின் ரைஃபிளையும் அளந்து பாருங்கள். முக்கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பள்ளிக்கூட ஸ்கேல் காட்டாது, டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் வேண்டும். பாரிமுனைப் பக்கம் டூல்ஸ் கடைகளில் கேளுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் பெயின்டுக்கு முன்னால் வாங்க வேண்டிய சாமான் அது என்பேன்.

கலக்கலாமா என்ற கேள்விக்கும் இதுவே விடை. ரைஃபிளும் ஹெல்மெட்டும் ஒரே அளவு என்றால் ஆள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் தாராளமாகக் கலக்கலாம். நிஜப் படையணியும் அப்படித்தான் நிற்கும். ரைஃபிள் அளவு மாறினால் கலக்காதீர்கள். கொலுப்படியில் செட்டியார் பொம்மை தசாவதார செட்டைவிடப் பெரிதாக இருந்தால் யாரும் கேட்பதில்லை, அங்கே ஒவ்வொரு பொம்மையும் தனித்தனி. டயோரமா ஒரே இடம், ஒரே நொடி. அதில் 1/35 ஆளையும் 1/32 ஆளையும் சேர்த்து நிறுத்தினால் உயரத்தில் 9 சதவீதம்தான் வித்தியாசம், ஆனால் பருமனில் 30 சதவீதம். கண் அதைத்தான் முதலில் பிடிக்கும். ரொம்பப் பிடித்த உருவம் ஒன்று அளவில் ஒத்துவரவில்லை என்றால் அதைப் பின்னால் தள்ளி, சுவருக்கோ வண்டிக்கோ மறைவில் தனியாக வையுங்கள். தோளோடு தோள் நிறுத்தாதீர்கள்.

இப்போது தரம். பெரிது என்பதால் தரம், சிறிது என்பதால் பொம்மை என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. 1/72 உருவத்தைக் கண்ணிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால், அது 21 மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு மனிதனைப் பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் கருவிழியும் சட்டைப் பொத்தானும் உங்களுக்குத் தெரியுமா? நிற்கிற விதம் தெரியும். களைப்பா, பதற்றமா, சுமை எந்தத் தோளில் என்பது தெரியும். 1/72-இல் தரம் என்றால் அதுதான். 1/35-இல் அதே தூரம் 10 மீட்டர். அங்கே முகமும் மீசையும் விரல்களும் கணக்கில் வரும்.

கடையில் பெட்டியைத் திறக்க விடமாட்டார்கள். இணையத்தில் ஸ்ப்ரூவின் (துண்டுகள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம்) படம் கிடைத்தால் பெரிதாக்கி, முதலில் கையும் ரைஃபிளும் சேரும் இடத்தைப் பாருங்கள். விரல்கள் கட்டையைச் சுற்றிப் பிடித்திருக்கின்றனவா, அல்லது கையுறை மாதிரி ஒரு கட்டியில் ரைஃபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? மோசமான செதுக்கல் முதலில் அங்கேதான் வெளிப்படும். பிறகு முழங்காலும் இடுப்பும்: துணியின் மடிப்பு உடம்பு வளையும் இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். கால்சட்டை முழுக்கச் சீரான கோடுகளாக இருந்தால் செதுக்கியவர் ஆளைப் பார்த்துச் செதுக்கவில்லை. அப்புறம் எடை. ஓடுகிற ஆளின் இடுப்பு எந்தக் காலின் மேல் இருக்கிறது என்று பாருங்கள். பல செட்களில் நேரே நின்று சுடுபவர் அருமையாக இருப்பார், ஓடுகிறவர் விழப்போகிற மாதிரி இருப்பார்.

சில குறைகள் செதுக்கியவர் செய்ததல்ல, அச்சு செய்தது. பிளாஸ்டிக் வார்க்கும் எஃகு அச்சு இரண்டு பக்கமாகப் பிரிகிறது. மார்புக்கும் கைக்கும் நடுவே இடுக்கு இருந்தால் அச்சு பிரியாது, அதனால் அங்கே பிளாஸ்டிக்கை நிரப்பிவிடுவார்கள். 1/35-இல் கை, கால், தலை, பை எல்லாம் தனித்தனித் துண்டுகளாக வருவது இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான். ரெசின் (ஊற்றியபின் கெட்டியாகும் பிசின்) உருவங்களை ரப்பர் அச்சில் ஊற்றுவார்கள், அது வளைந்து கொடுக்கும், ஆகவே இடுக்குகள் கூர்மையாக வரும். பதிலுக்கு ரெசின் எளிதில் உடையும், விலையும் கூடுதல், தேய்க்கும்போது வரும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். மாஸ்க் போட்டு, ஈர உப்புத்தாளில் தேயுங்கள். 3டி பிரிண்டரில் வருவதை எந்த அளவுக்கும் சுருக்கலாம், விரிக்கலாம் என்பார்கள். 4 செ.மீ. கனமுள்ள ரைஃபிள் கட்டை 1/35-இல் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 1/72-இல் அரை மில்லிமீட்டர். பெரிய கோப்பை அப்படியே சுருக்கி அச்சிட்டால் ரைஃபிள் கையோடு வந்துவிடும். சின்ன ஸ்கேலில் ஆயுதம் கொஞ்சம் தடிமனாக இருப்பதை இதனால்தான் நான் மன்னிக்கிறேன். 1/35-இல் மன்னிக்கமாட்டேன்.

உங்கள் வேலைக்கு எந்த ஸ்கேல் என்பது தாத்தாவின் எந்த வேலையைக் காட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பாலம் என்றால் 1/72. போரில் இரும்புப் பலகங்களைக் கோத்துக் கட்டிய பெய்லி பாலத்தின் ஒரு பலகம் 10 அடி நீளம். பத்துப் பலகம் வைத்துக் கட்டிய 100 அடிப் பாலம் 1/35-இல் 87 செ.மீ. வரும், கரையும் சேர்த்தால் ஒரு மேஜையே போய்விடும். 1/72-இல் 42 செ.மீ., அலமாரியில் அடங்கும். கண்ணிவெடி என்றால் 1/35. அந்த வேலையின் உயிரே கையிலும் முகத்திலும் இருக்கிறது. ஒருவர் கண்டறியும் கருவியோடு, பின்னால் ஒருவர் மண்டியிட்டு, 10 மீட்டர்ச் சாலை. 29 செ.மீ.-க்குள் முடிந்துவிடும்.

நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். காரணம் ஒன்று உண்டு. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோவில் மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன், வெடிக்கப்போன கண்ணிவெடியின் மேல் தன் உடலைப் போட்டுச் சுற்றியிருந்தவர்களைக் காப்பாற்றினார். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டனின் உயரிய வீர விருது தரப்பட்டது. செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். நம் ஊரில் அவர் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? இந்திய வீரர் என்று பெட்டியில் வரும் உருவங்களில் பெரும்பாலானவை தலைப்பாகையோடு இருக்கின்றன. சீக்கியர்களுக்கு அது சரி. தெற்கத்தி சாப்பர் போர்முனையில் ஹெல்மெட் போட்டிருந்தார், இத்தாலியக் குளிரில் பிரிட்டிஷ்காரரின் அதே கம்பளி உடுப்பில் இருந்தார். ஆகவே அரைக்கால்சட்டை போட்ட பாலைவன செட்டை விட்டுவிட்டு, முழு உடுப்பில் இருக்கும் பிரிட்டிஷ் காலாட்படையையோ பொறியாளர்களையோ வாங்குங்கள். மாற்ற வேண்டியது முகம் மட்டும்தான்.

உயரத்துக்குத் தாத்தாவின் படமே போதும். அவர் ரைஃபிளைத் தரையில் ஊன்றி உடம்போடு ஒட்டிப் பிடித்திருக்கிறார். திரையில் ரைஃபிளின் நீளத்தையும் அவர் உயரத்தையும் அளந்தேன். ரைஃபிளைப் போல ஏறக்குறைய 1.48 மடங்கு இருக்கிறார். 113-ஐ அதால் பெருக்கினால் 167 செ.மீ., அதாவது 5 அடி 6 அங்குலம். 1/35-இல் அது 48 மி.மீ. ஆகும். நீங்கள் வாங்கும் உருவம் அதைவிட நெட்டையாக இருந்தால், கணுக்காலில் கட்டும் பட்டைக்கு மேலே கால்சட்டை உப்பியிருக்கும் இடத்தில் அறுத்து ஒரு மில்லிமீட்டர் எடுத்துவிட்டு ஒட்டுங்கள். மடிப்பில் தழும்பு மறைந்துவிடும். ரைஃபிளில் கை வைக்காதீர்கள்.

தோல் நிறம் என்று புட்டியில் வருவது வெள்ளைக்காரத் தோல். அதில் பழுப்பைக் கலந்து சரிசெய்யப் பார்க்க வேண்டாம். செம்பழுப்பில் தொடங்குங்கள். நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு ஆகிய இடங்களைத் தூக்கிக்காட்ட அதோடு காவி மஞ்சளைச் சேருங்கள். வெள்ளை சேர்த்தால் முகம் சாம்பல் பூத்துவிடும். ஏற்கெனவே வாங்கிய 1/72 செட்டும் வீணில்லை, இந்த நிறத்தை அதில் பழகிப் பாருங்கள். அது ரப்பர் மாதிரி வளையும் பிளாஸ்டிக் என்றால் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, காயவைத்து, பிரைமர் அடித்தபிறகுதான் பெயின்ட். இல்லாவிட்டால் வளைக்கும்போதெல்லாம் உரியும்.

கடைசியில் அடிக்கும் மேட் வார்னிஷை மட்டும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஸ்ப்ரேயாக அடிக்காதீர்கள். சென்னைக் காற்றின் ஈரத்தில் அது பால் மாதிரி வெளுத்துவிடும். அவசரம் என்றால் தண்ணீரில் கரையும் வார்னிஷைத் தூரிகையால் பூசுங்கள். இல்லையென்றால் தை பிறக்கட்டும்.