கிருஷ்ண கமலத்துக்கு வரன் பார்ப்பது எப்படி?

(தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: வணக்கம் அம்மா. என்னிடம் கிருஷ்ண கமலத்தில் (பாசிஃப்ளோரா) இரண்டு இனங்கள் உண்டு; ஊதாப் பூ பூக்கும் இன்கார்னேட்டா கொடியும், சிவப்புப் பூ கொக்சீனியா கொடியும் ஒரே பருவத்தில் பூக்கின்றன. இரண்டையும் கலந்து புது நிறம் கொண்டுவர முடியுமா? வீட்டில் செய்கிற வேலையா இது?

வீட்டில் செய்கிற வேலையேதான். இதே ஜோடிக்குப் பிறந்ததுதான் 'லேடி மார்கரெட்' என்ற கலப்பினம். மாணிக்கச் சிவப்பு இதழ், நடுவில் வெள்ளை. உங்களுக்கும் அச்சு அசலாக அதுவே வரும் என்று நினைக்க வேண்டாம். ஒரே காயின் விதைகளுக்குள்ளேயே பத்து விதமாகப் பூக்கும்.

எந்தக் கொடி காய்க்க வேண்டுமோ அது தாய். நாளைக்கு மலரப்போகும் மொட்டை முந்தின நாள் சாயங்காலமே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். உப்பிப்போய், நுனியில் இதழின் நிறம் எட்டிப்பார்க்கும். பக்கவாட்டில் மெல்லக் கீறி, உள்ளே இருக்கும் ஐந்து மகரந்தப் பைகளையும் இடுக்கியால் கிள்ளி எடுத்துவிடுங்கள். பை வெடித்துப் பொடி உதிர்ந்திருந்தால் அந்த மொட்டை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். கிள்ளியதும் மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுங்கள். "இந்தக் கொடிதான் தன் மகரந்தத்தை ஏற்காதே, எதற்கு இவ்வளவு பாடு?" என்று சிலர் கேட்பார்கள். தச்சு வண்டு ஒன்று போதும், எங்கிருந்தோ எதையோ முதுகில் சுமந்துவந்து உங்கள் கணக்கைக் குழப்பிவிடும்.

மறுநாள் பூ விரிந்ததும் நடுத்தண்டின் உச்சியைக் கவனியுங்கள். மூன்று சூல்தண்டுகள் முதலில் மேல்நோக்கி நிற்கும். பிறகு கொஞ்சங்கொஞ்சமாக வளைந்து, மகரந்தப் பைகள் இருந்த மட்டத்துக்கு இறங்கும். அப்போதுதான் தடவ வேண்டும். தந்தைப் பூவின் மகரந்தப் பையையே கிள்ளிவந்து சூல்தண்டுகளின் நுனியில் உள்ள மூன்று சூல்முடிகளிலும் தேய்த்துவிடலாம், தூரிகை தேவையில்லை. கடைசிவரை வளையாமல் நிமிர்ந்தே நிற்கிற பூக்களும் உண்டு. அவை காய் பிடிப்பது அரிது. அவற்றின் மகரந்தத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் இந்த வேலையே வேண்டாம். தண்ணீர் பட்டால் மகரந்தம் வெடித்துக் கெட்டுப்போகும்.

திரும்பவும் பையைக் கட்டி, காம்பில் லேபிள் மாட்டுங்கள்: தாய் பெயர் முதலில், பெருக்கல் குறி, தந்தை பெயர், தேதி. பிடித்திருந்தால் சில நாட்களில் சூற்பை (காயாகப்போகும் பகுதி) பருக்கும். பிடிக்கவில்லையென்றால் காம்பு மஞ்சளாகி உதிரும், அவ்வளவுதான்.

கேள்வி: கொடித்தோடையில் (பேஷன் ஃப்ரூட்) ஊதாப் பழ வகையைத் தாயாகவும் மஞ்சள் பழ வகையைத் தந்தையாகவும் வைக்க ஆசை. ஆனால் ஒன்று பூக்கும் நேரத்தில் மற்றது பூப்பதில்லையே?

ஊதா வகை விடியற்காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். மஞ்சள் வகை மதியம்தான் கண் திறக்கும். சுலபமான வழி, ஜோடியைத் திருப்பிப் போடுவது. காலையில் ஊதாவின் மகரந்தத்தை எடுத்துவைத்து மதியம் மஞ்சளில் தடவுங்கள். ஊதாதான் தாயாக வேண்டும் என்று பிடிவாதமா? மஞ்சளின் மகரந்தப் பைகளைக் காகிதத்தில் மடித்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலையில் தடவுங்கள்.

கேள்வி: பைஃப்ளோராவையும் சீருலியாவையும் எத்தனை முறை கலந்தாலும் காய் உதிர்ந்துவிடுகிறது. என் கையில்தான் குறையா?

உங்கள் கை நன்றாகத்தான் இருக்கிறது. ஜாதகம்தான் பொருந்தவில்லை. பாசிஃப்ளோராவில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எல்லாம் ஒரே குடும்பத் தோற்றம், ஆனால் உள்ளே கணக்கு வேறு. பைஃப்ளோரா இருக்கும் சின்னப் பூக் கிளையில் குரோமோசோம் 12. சீருலியா, இன்கார்னேட்டா, எடுலிஸ் (கொடித்தோடை), அலாட்டா, ரசிமோசா எல்லாம் 18. 18-ஐ 18-உடன் சேருங்கள். அதற்குள்ளேயே ஆயுசுக்கும் போதுமான வேலை இருக்கிறது.

ஒரு வழி அடைத்தால் தாயையும் தந்தையையும் மாற்றிப் பாருங்கள், சில ஜோடிகள் ஒரு பக்கம் மட்டும்தான் இணங்கும். முதல் முயற்சிக்கு நான் சொல்வது சீருலியாவைத்தான். பதிவான முதல் கலப்பினமே அதன் பிள்ளைதான்: 1819-இல் தாமஸ் மில்ன் என்ற இங்கிலாந்துத் தோட்டக்காரர் சிவப்பு ரசிமோசாவையும் நீல சீருலியாவையும் சேர்த்து ஊதாப் பூ எடுத்தார். இன்றும் அந்தக் கொடியை வளர்க்கிறார்கள்.

கேள்வி: கலப்பின விதை முளைத்தது. ஆனால் சில நாற்றுகள் வெளிறிய மஞ்சள், சில பச்சையும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கின்றன. உரக் குறையா?

உரத்தைக் கொட்டாதீர்கள்! பச்சையத்தைச் சுமக்கும் பசுங்கணிகம் பெரும்பாலான செடிகளில் தாய்வழிச் சொத்து. இந்தக் கொடிகளில் இரண்டு இனங்களைக் கலக்கும்போது அது தந்தையிடமிருந்தும் வரும், சில சமயம் இருவரிடமிருந்தும். புது உடம்போடு ஒத்துப்போகாத பசுங்கணிகம் வந்த நாற்று வெளிறும். முழுக்க வெளுத்தது பிழைக்காது. திட்டுத் திட்டானது போகப்போகப் பச்சை பிடிக்க வாய்ப்புண்டு, அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி, நாற்றின் இலையைப் பார்த்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். குழந்தை இலைக்கும் வளர்ந்த இலைக்கும் சம்பந்தமே இருக்காது.

கேள்வி: கலப்பினப் பழத்தைச் சாப்பிடலாமா?

தாய் தந்தை இரண்டும் உண்ணும் இனம், பழமும் நன்றாகக் கனிந்தது என்றால் சாப்பிடலாம். இல்லாவிட்டால் வேண்டாம். இலையிலும் பச்சைக் காயிலும் சயனைடை வெளிவிடும் பொருட்கள் உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம்.

கேள்வி: ஒரு நாற்று அபூர்வ நிறத்தில் பூத்திருக்கிறது. காயே பிடிப்பதில்லை. என் மகள் பெயரை அதற்கு வைக்கலாமா?

தாராளமாக. காய்க்காதது ஒரு குறையே அல்ல, மலட்டுக் கலப்பினங்கள் நிறைய உண்டு. எப்படியும் விதையிலிருந்து அதே பூ வராது. குச்சி வெட்டி நட்டால்தான் வரும். பெயருக்கு முக்கியமான ஒரு சட்டம்: 1959 ஜனவரி 1 முதல் சூட்டப்படும் ரகப் பெயர் லத்தீன் வடிவில் இருக்கக் கூடாது. மகள் பெயரின் வாலில் 'யென்சிஸ்' ஒட்டி அழகு பார்க்காதீர்கள். சர்வதேச அளவில் பதிய விரும்பினால் பாசிஃப்ளோரா சொசைட்டி இன்டர்நேஷனல் என்ற அமைப்பு இருக்கிறது. அதற்கு முன் இன்னொரு பருவமும் பூக்கவிடுங்கள், வெயிலுக்கும் குளிருக்கும் தகுந்தபடி நிறம் கொஞ்சம் மாறுவது உண்டு. லேபிளைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்தானே? பெற்றோர் யார் என்று அங்கே கட்டாயம் கேட்பார்கள்.