இணையப் பொதுவளம் சமத்துவத்தைத் தானாகக் கொண்டுவருமா?

மென்பொருளும் அறிவும் பொதுவாகிவிட்டால் ஏற்றத்தாழ்வு தானாகக் குறையாதா என்று கேட்கிறீர்கள். குறையாது.

ஊரார் பகிர்ந்துகொள்ளும் பொதுவளமான மேய்ச்சல் நிலத்தில் ஒருவரின் மாடு மேய்ந்தால் அடுத்தவருக்குப் புல் குறையும். மென்பொருளோ எத்தனை பேர் நகலெடுத்தாலும் குறைவதில்லை. வற்றிப்போவது பராமரிப்பவர்களின் உழைப்புதான். 2014இல், இணையத்தில் செல்லும் தகவலை மறையாக்கிக் காக்கும் பொது நிரலான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அந்த நிரலை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே கவனித்துவந்தார்கள். அதை வைத்துச் சம்பாதித்ததோ பெருநிறுவனங்கள்!

பயன்படுத்துவோரே விதி வகுத்துக் கண்காணித்தால் பொதுவளம் நிலைக்கும் என்று காட்டியவர், 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ராம். விக்கிப்பீடியா ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. ஆனாலும் கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே வர நேரம் கிடைப்பது வேறு. அங்கே திருத்துபவர்களில் பெண்கள் இன்றும் சிறுபான்மைதான்.