வெள்ளைப்படுதலும் பிசிஆர் பரிசோதனையும்: வாசகியர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 36. பாலக்கோட்டில் வசிக்கிறேன். ஒரு வருடத்துக்குள் நான்கு முறை வெள்ளைப்படுதலும் தாங்க முடியாத அரிப்பும் வந்துவிட்டன. முதல் இரண்டு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பச்சை நிற உறையில் மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த இரண்டு முறை மருந்துக்கடையில் நாங்களே கேட்டு வாங்கிக்கொண்டோம். பத்து நாள் அடங்கியிருந்து மறுபடியும் தொடங்குகிறது. தர்மபுரியில் பார்த்த மருத்துவர், மாதிரி எடுத்து பெங்களூருவுக்கு அனுப்பி, கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனை பார்க்கலாம் என்கிறார். உடம்புச் சூட்டுக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று மாமியார் கேட்கிறார். அது அவசியமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்களுக்கு அது தேவைதான் என்றே நினைக்கிறேன். ஆனால் முதல் முறையாக வெள்ளைப்பட்டு வருகிற எல்லாப் பெண்களுக்கும் நான் இதைச் சொல்லமாட்டேன்.

மாதவிடாய்க்கு இடைப்பட்ட நாட்களில் நிறமோ வாடையோ அரிப்போ இல்லாமல் சிறிதளவு கசிவது இயல்பு. அதற்கு மருந்து வேண்டாம். நோயாக வரும் வெள்ளைப்படுதலுக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, பிறப்புறுப்பில் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து காவல் காக்கும் லாக்டோபாசில்லஸ் கிருமிகள் குறைந்து, அந்த இடத்தை வேறு பல கிருமிகள் பிடித்துக்கொள்ளும் பாக்டீரியல் வஜைனோசிஸ். மீன் வாடை இதன் அடையாளம். இரண்டாவது, கேண்டிடா என்னும் பூஞ்சை. தயிர்த் திப்பி போன்ற கசிவும் கடும் அரிப்பும் இதில் வரும். மூன்றாவது, உடலுறவின் வழியாகப் பரவும் ட்ரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி. உங்கள் மாமியார் சொல்லும் சூடு இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் சர்க்கரை நோய் இருந்தாலோ, வேறு நோய்க்காக ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தாலோ பூஞ்சை தலையெடுக்கும் என்பதால், இரத்தச் சர்க்கரையை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்த பச்சை உறையில் செக்னிடசோல், ஃப்ளூகோனசோல் என்ற இரு மருந்துகள் இருக்கும். எந்தக் கிருமி என்று தெரியாத நிலையில் மூன்றுக்கும் சேர்த்துக் கொடுப்பதற்கென்றே தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அதை வகுத்திருக்கிறார்கள். ஆய்வக வசதி இல்லாத ஊர்களில் அது பல பெண்களின் துன்பத்தைத் தீர்த்த ஏற்பாடு என்பதால் அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நான்காவது முறையாக வரும் நோயை அதே உறையை வைத்துக்கொண்டு எதிர்கொள்வது சரியல்ல. இனி எதிரியின் பெயர் தெரிந்தாக வேண்டும்.

அந்தப் பெயரை அறிய முதல் கருவி நுண்ணோக்கிதான். கசிவின் அமிலத்தன்மையைக் காகிதத்தில் பார்த்து, ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து உடனே பார்த்தால் பல நோய்கள் அங்கேயே வெளிப்படும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு இயல்பில் 4.5-ஐத் தாண்டாது; அமிலம் குறையும்போது இந்த எண் ஏறும் என்பதால், பாக்டீரியல் வஜைனோசிஸில் அது கூடும். இந்த அளவையும், கசிவின் தன்மையையும், வாடையையும், கிருமிகள் மொய்த்த செல்களையும் சேர்த்துக் கணிக்கும் முறையை 1983-இல் ஆம்செல் என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் வகுத்தார்கள். நான்கில் மூன்று இருந்தால் நோய் உண்டு என்பது அதன் விதி. சிக்கல் என்னவென்றால், 'உடனே' என்ற சொல்லை நம் ஊர்களில் காப்பாற்றுவது கடினம். ட்ரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணியை அதன் அசைவைக் கொண்டுதான் நுண்ணோக்கியில் கண்டுபிடிக்கிறோம். மாதிரி ஆறிப்போனால் அசைவு நின்றுவிடும். அனுபவமுள்ளவர் உடனே பார்த்தாலும் பாதிக்கும் சற்றுக் கூடுதலாகத்தான் பிடிபடும் என்றிருக்க, பாலக்கோட்டில் எடுத்த மாதிரி பேருந்தில் ஏறி மாலையில் சேலம் போய்ச் சேர்ந்தால் என்ன தெரியும்?

பிசிஆர் முறைக்குக் கிருமி உயிரோடு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. காசநோய்க்குச் சளியிலும், கொரோனாக் காலத்தில் மூக்கிலும் பார்த்த அதே வகைச் சோதனைதான் இது. கிருமியின் டிஎன்ஏவில் அதற்கே உரிய ஒரு துண்டை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குகிறார்கள். ஒரு கேழ்வரகு மணி இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது சுற்றில் நூறு கோடியைத் தாண்டுவது போல, கண்ணுக்கு எட்டாத அளவு பெருகிப் பெருகி இயந்திரத்துக்குத் தெரியும் அளவை அடைகிறது. அதற்குரிய திரவத்தில் பத்திரமாக வைத்த மாதிரி பெங்களூரு போய்ச் சேரும் வரை தாங்கும்.

உங்களுக்குக் குறிப்பாக ஏன் தேவை என்றால், கேண்டிடாவில் பல இனங்கள் உண்டு. பெரும்பாலானோருக்கு வரும் அல்பிகன்ஸ் இனம் பொதுவாக ஃப்ளூகோனசோலுக்குக் கட்டுப்படும். கிளாப்ராட்டா அவ்வளவாகக் கட்டுப்படாது. க்ருசெய் இயல்பிலேயே கட்டுப்படாது. இனம் தெரிந்தால் மருந்தை மாற்றலாம். ஆனால் எந்த மருந்துக்குக் கிருமி பணியும் என்பதை இந்த பிசிஆர் சொல்லாது. அதற்குக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை வேண்டும். அதையும் சேர்த்துச் செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாதிரி கொடுக்கும் வரை கடை மாத்திரையோ, உள்ளே வைக்கும் மருந்தோ வேண்டாம்.

கேள்வி: ஓசூரில் வேலை பார்க்கிறேன். எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு சலுகைத் திட்டத்தில் முழு உடல் சோதனை செய்தபோது பிசிஆரும் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் கார்ட்னரெல்லா, கேண்டிடா, யூரியாபிளாஸ்மா மூன்றும் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து சாப்பிட வேண்டுமா?
— வாசகி, வயது 27

பதில்: வேண்டாம். வீட்டில் பல்லி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும். அதனால் வீட்டை இடிப்பதில்லை. நூற்றுக்குப் பத்து முதல் இருபது பெண்களுக்குத் தொந்தரவே இல்லாமல் கேண்டிடா குடியிருக்கும். பாக்டீரியல் வஜைனோசிஸில் பெருகும் கிருமிகளில் ஒன்றான கார்ட்னரெல்லா, நலமாக உள்ள பெண்கள் பலரிடமும் உண்டு. அது இருப்பதை வைத்து மட்டும் நோய் என்று முடிவு செய்ய முடியாது. அதனால்தான் தரமான சோதனைகள் ஒரே கிருமியைத் தேடாமல், லாக்டோபாசில்லஸ் எவ்வளவு, அதற்கு எதிரான கிருமிகள் எவ்வளவு என்று இரு பக்கத்தையும் எடைபோட்டுச் சொல்கின்றன. யூரியாபிளாஸ்மா என்னும் பாக்டீரியாவைத் தொந்தரவில்லாத பெண்ணிடம் தேடுவதே தேவையற்ற வேலை. ஒரே பஞ்சுக்குச்சி மாதிரியில் பத்து, பன்னிரண்டு கிருமிகளைத் தேடித் தரும் இந்தச் சலுகைகளின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து வருபவர்களைத் தேற்றுவதற்கே நேரம் போய்விடுகிறது. உங்கள் பட்டியலில் ட்ரைக்கோமோனாஸ் இருந்திருந்தால் மட்டும் பதில் வேறாக இருந்திருக்கும். தொந்தரவு இல்லாவிட்டாலும் அதற்கு மருந்து அவசியம்.

இன்னொன்று: இது கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான சோதனை அல்ல. அது தனி.

கேள்வி: எனக்கு ட்ரைக்கோமோனாஸ் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. என் கணவர் திருப்பூரில் வேலை செய்கிறார். மாதம் ஒரு முறைதான் அரூருக்கு வருவார். இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லுங்கள்.
— வாசகி, வயது 31

பதில்: சகோதரி, நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வியும் எனக்குப் புரிகிறது. இது உடலுறவில் பரவும் தொற்று என்பது உண்மை. ஆனால் யாரிடமிருந்து, எப்போது வந்தது என்பதை எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. இந்த ஒட்டுண்ணி அறிகுறியே காட்டாமல் மாதக்கணக்கில், சிலரிடம் வருடக்கணக்கிலும் தங்கியிருக்கும்; ஆண்களில் பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியாது. ஒரு காகிதத்தை வைத்து வீட்டில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: இருவரும் ஒரே காலத்தில் மருந்து எடுத்து முடிக்க வேண்டும், அதுவரை சேராமல் இருக்க வேண்டும். அவர் அடுத்த முறை வரும்வரை காத்திருக்காமல் திருப்பூரிலேயே மருத்துவரைப் பார்க்கலாம். மருந்து முடிந்த உடனே மறுபடி பிசிஆர் எடுத்தால், செத்த கிருமியின் மிச்சத்தையும் இயந்திரம் பாசிட்டிவ் என்று காட்டிவிடக்கூடும்; மூன்று மாதம் ஆனதும் ஒரு முறை பாருங்கள், ஏனெனில் மறுதொற்று இதில் அதிகம். இந்தத் தொற்று உள்ளவர்கள் எச்ஐவி, சிபிலிஸ் சோதனைகளையும் செய்துகொள்வது நல்லது. அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்தில் எச்ஐவி சோதனை இலவசம். விவரம் வெளியே போகாது.

கேள்வி: காவேரிப்பட்டினம். கல்லூரியில் படிக்கிறேன். வாடையோடு வெள்ளைப்படுகிறது. உள்ளே கருவி வைத்துப் பார்ப்பார்கள் என்ற பயத்தில் மருத்துவரிடம் போகவில்லை. வேறு வழி உண்டா?
— வாசகி, வயது 20

பதில்: உண்டு. மருத்துவமனையின் தனி அறையில் நீங்களே மெல்லிய பஞ்சுக்குச்சியைச் சிறிதளவு உள்ளே செலுத்தி மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். பிசிஆர் சோதனைக்கு அது மருத்துவர் எடுத்த மாதிரிக்கு இணையாகவே பயன்படும். பெண் மருத்துவரைக் கேட்பதும், இப்படி எடுக்க விரும்புகிறேன் என்று சொல்வதும் உங்கள் உரிமை. உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதோ, வாசனைத் திரவம் ஊற்றுவதோ வேண்டாம். அது காவல் கிருமிகளைத்தான் கழுவித் தள்ளும். அடிவயிற்று வலியோ, காய்ச்சலோ, இரத்தக் கசிவோ சேர்ந்திருந்தால் மட்டும் குச்சியோடு நிறுத்தாமல், அன்றே மருத்துவரை நேரில் பார்த்துப் பரிசோதனைக்கு இசைந்துகொள்ளுங்கள்.