வினவல் ஓடுகிறது, பிழைச் செய்தியும் இல்லை, விடை மட்டும் பிழை: எங்கே தேடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கி முதலில் எழுதிவிடுகிறேன். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பால் சேகரிப்பு நிலையத்துக்கு மைஎஸ்கியூஎல் (MySQL) என்ற தரவுத்தள மென்பொருளில் கணக்கு மென்பொருள் செய்கிறீர்கள். வினவல்கள் (தரவுத்தளத்திடம் நாங்கள் எழுதிக் கேட்கிற கேள்விகள்) எல்லாம் ஓடுகின்றன. ஆனால் சிலருடைய லீற்றர் கூட்டுத்தொகை இரண்டு மடங்காக வருகிறது. சிலர் பட்டியலில் வருவதே இல்லை. பெயரால் தேடினால், இருக்கிற ஆளையே இல்லை என்கிறது.

நான் கிளிநொச்சியில் நெல் வாங்கும் ஒரு சங்கத்துக்கு ஆறு வருடமாக இதே வேலையைச் செய்கிறேன். நீங்கள் சொன்ன மூன்றும் எனக்கும் நடந்தவை. பிழைச் செய்தி காட்டி நிற்கிற வினவலால் பெரிய தீமை இல்லை, அதைத் திருத்தாமல் மேலே போக முடியாது. அமைதியாக ஓடி, அழகான அட்டவணையில் பிழையான எண்ணைத் தருகிற வினவலுக்குத்தான் நாங்கள் பயப்பட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் ஒரு வீட்டுக்குக் காசு போகிறது.

கணினியைத் திறக்க முன்னம் ஒரு கொப்பியை எடுங்கள். ஒவ்வொரு அட்டவணைக்கும், அதில் ஒரு வரி எதைக் குறிக்கிறது என்று ஒரே ஒரு வசனம் எழுதுங்கள். என்னுடையவை இவை: கமக்காரர் அட்டவணையில் ஒரு வரி ஓர் ஆள். வரவு அட்டவணையில் ஒரு வரி தராசில் ஏறிய ஒரு லோட். கொடுப்பனவு அட்டவணையில் ஒரு வரி, ஒருவருக்கு ஒரு தடவை கொடுத்த காசு. இந்த வசனங்களை எழுத முடியாமல் தடுமாறினால், கோளாறு வினவலில் இல்லை, அட்டவணையின் அமைப்பிலேயே இருக்கிறது.

சரி, இரட்டிப்பதைப் பார்ப்போம். காலபோக அறுவடையில் ஒருவர் மூன்று லோட் கொண்டுவந்தார் என்று வையுங்கள்: 900, 900, 1100 கிலோ. மொத்தம் 2900. அவருக்கு இரண்டு தடவையாக 100,000 ரூபாயும் 60,000 ரூபாயும் கொடுத்தோம். இப்போது கமக்காரர் அட்டவணையோடு வரவையும் கொடுப்பனவையும் ஒரே வினவலில் ஜொயின் (JOIN, அட்டவணைகளைச் சேர்ப்பது) செய்து, சம் (SUM, கூட்டுவது) போட்டு, கமக்காரர் இலக்கத்தால் குரூப் பை (GROUP BY, ஆளுக்கு ஒரு வரியாகத் தொகுப்பது) செய்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு லோட்டும் ஒவ்வொரு கொடுப்பனவோடும் சேரும். மூவிரண்டு ஆறு வரி. நெல் 5800 கிலோ என்று வரும், காசு 480,000 ரூபாய் என்று வரும். கணினி கேட்டதைத்தான் செய்தது. வரவுக்கும் கொடுப்பனவுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை, இரண்டுக்கும் பொதுவாக இருப்பது அந்த ஆள் மட்டுமே என்பதை நாங்கள்தான் மறந்துவிட்டோம்.

உங்களுக்குச் சிலருடைய கணக்கு மட்டும் இரட்டிப்பதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு கொடுப்பனவு பெற்றவருக்கு லீற்றர் சரியாக வரும், இரண்டு பெற்றவருக்கு இரண்டு மடங்கு, மூன்று பெற்றவருக்கு மூன்று மடங்கு. ஒருவருடைய கணக்கை மட்டும் சோதித்துவிட்டு விட்டிருந்தால் இது கண்ணில் படவே படாது.

இந்த இடத்தில் பலரும் கைவைப்பது டிஸ்டிங்ட் (DISTINCT, ஒரே மாதிரியானவற்றை ஒரு தடவை மட்டும் எடுப்பது) என்ற சொல்லில். தயவுசெய்து வேண்டாம். மேலே உள்ள கணக்கில் கிலோவுக்கு டிஸ்டிங்ட் போட்டுக் கூட்டினால் 900 ஒரு தடவைதான் எண்ணப்படும், 2000 என்று வரும். அந்த மனிதர் தராசில் ஏற்றிய ஒரு லோட் நெல் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். பாலில் இது இன்னும் மோசம். ஒரே மாட்டுக்காரர் அடுத்தடுத்த நாளில் அதே ஆறு லீற்றர் ஊற்றுவது தினமும் நடக்கிற காரியம்.

சரியான வழி, கூட்டிவிட்டுச் சேர்ப்பது. வரவைத் தனியாக எடுத்து ஆளுக்கு ஒரு வரியாகக் கூட்டுங்கள். கொடுப்பனவையும் தனியாக அப்படியே கூட்டுங்கள். இரண்டும் உள்வினவல்களாக (வினவலுக்குள் இருக்கிற வினவல்களாக) இருக்கட்டும். பிறகு கமக்காரர் அட்டவணையோடு இரண்டையும் லெஃப்ட் ஜொயின் (LEFT JOIN, வலப்பக்கத்தில் பொருந்துகிற வரி இல்லாவிட்டாலும் இடப்பக்க வரிகளை எல்லாம் வைத்திருப்பது) செய்யுங்கள். ஆளுக்கு ஒரு வரியோடு ஆளுக்கு ஒரு வரி சேரும்போது பெருகுவதற்கு எதுவும் இல்லை. ஒரு பழக்கம் சொல்கிறேன்: ஜொயின் போட முன்னம் எத்தனை வரி, போட்ட பிறகு எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள். 412 ஆட்கள் 640 ஆகிவிட்டால் சம் வரைக்கும் போகவே தேவையில்லை.

அடுத்தது, ஆட்கள் காணாமல் போவது. இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் (மாரிக்குப் பிந்திய நெற்செய்கை) என்றால் குளத்தில் உள்ள தண்ணீரைப் பார்த்து, விதைக்கிற காணியின் அளவை மட்டுப்படுத்தித்தான் தீர்மானிப்பார்கள். ஆகவே எங்கள் அங்கத்தவர்களில் பலர் சிறுபோகத்தில் ஒரு மூடைகூடக் கொண்டுவர மாட்டார்கள். எல்லாருடைய பெயரும் வர வேண்டும், கொண்டுவராதவருக்குப் பூச்சியம் வர வேண்டும் என்று கேட்டார்கள். நான் லெஃப்ட் ஜொயின்தான் போட்டேன். ஆனால் போகம் சிறுபோகமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கீழே வேர் (WHERE, எந்த வரிகள் வேண்டும் என்று வடிகட்டுவது) பகுதியில் எழுதினேன். கொண்டுவராதவருக்கு வரவுப் பக்கம் முழுவதும் நல் (NULL, மதிப்பு எதுவும் இல்லாத இடம்). நல் எப்படிச் சிறுபோகத்துக்குச் சமமாகும்? லெஃப்ட் ஜொயின் காப்பாற்றி வைத்த வரிகளை வேர் வெளியே தள்ளிவிட்டது. அந்த நிபந்தனையை ஜொயினின் ஒன் (ON, எந்த வரியோடு எந்த வரி சேரும் என்று சொல்வது) பகுதிக்கு ஏற்றினால் போதும். வலப்பக்க அட்டவணை பற்றிய நிபந்தனைக்கு இடம் ஒன், இடப்பக்கம் பற்றியதற்கு வேர். நான் அப்படித்தான் மனதில் வைத்திருக்கிறேன்.

இனி வருவதைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு வருடம் அறுவடை முடிந்து, இன்னும் காசு பெறாதவர்களின் பட்டியலைக் கேட்டார்கள். கமக்காரர் இலக்கம் கொடுப்பனவு அட்டவணையில் இல்லாதவர்களைக் கொண்டுவா என்று நொட் இன் (NOT IN, பட்டியலில் இல்லாதது) போட்டு எழுதினேன். விடை, ஒரு வரிகூட இல்லை. எல்லாருக்கும் கொடுத்து முடிந்தது என்று மகிழ்ச்சியாக அறிக்கை போனது. நாலாம் நாள் காலமை ஓர் ஐயா வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். ஒரு பொலித்தீன் பையை விரித்து, அதற்குள் இருந்த இன்னொரு பையை விரித்து, நான்காக மடித்த தராசுத் துண்டுகள் மூன்றை எடுத்து மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். இடம்பெயர்ந்து திரும்பிய சனம், கடதாசியை அப்படித்தான் பாதுகாப்பார்கள். "தம்பி, எல்லாருக்கும் குடுத்தாச்சாம் எண்டு சொல்லினம். எனக்கு வரேல்லை. நீங்கள் ஒருக்காப் பாருங்கோ" என்றார். அவருடைய இலக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். மூன்று லோட்டும் இருந்தன. கொடுப்பனவு ஒன்றும் இல்லை. அவரைப் போல இன்னும் முப்பத்தொரு பேர்.

நடந்தது இதுதான். வங்கியில் யாருடையது என்று பொருந்தாத ஒரு கொடுப்பனவை, கமக்காரர் இலக்கத்தை வெறுமையாக விட்டுப் பதிந்திருந்தார்கள். ஒரே ஒரு நல். நல் என்றால் பூச்சியம் அல்ல, எழுத்தே இல்லாத வெற்றுச் சொல்லும் அல்ல. தெரியாது என்று அர்த்தம். 27ஆம் இலக்கக்காரர் இந்தப் பட்டியலில் இல்லைத்தானே என்று கேட்டால், பட்டியலில் ஒருவர் யாரென்றே தெரியாதபோது, அவர் 27 ஆகவும் இருக்கலாம். இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. வினவல்களை எழுதுகிற மொழியான எஸ்கியூஎல்லில் (SQL) ஒரு கூற்று மெய், பொய், தெரியாது என மூன்றில் ஒன்றாக இருக்கும், வேர் பகுதி மெய்யானதை மட்டுமே உள்ளே விடும். ஆகவே ஒருவர்கூட உள்ளே வரவில்லை. அன்றிலிருந்து நொட் இன் பக்கம் நான் உள்வினவல் வைப்பதில்லை. நொட் எக்ஸிஸ்ட்ஸ் (NOT EXISTS) எழுதுகிறேன், அது ஒவ்வோர் ஆளுக்கும் பொருந்துகிற வரி உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கும், யாருடையதோ தெரியாத வரி அதைக் குழப்பாது. கூடவே அந்த நிரலுக்கு (அட்டவணையின் நெடுவரிசைக்கு) நொட் நல் (NOT NULL, வெறுமையாக விடக்கூடாது) என்ற கட்டுப்பாடும் போட்டு, பொருந்தாத கொடுப்பனவுகளைத் தனி அட்டவணைக்கு மாற்றினேன். வெறுமையான விடை நல்ல செய்தி அல்ல, முதலில் சந்தேகப்பட வேண்டிய செய்தி.

நல் இன்னும் இரண்டு இடத்தில் காலை வாரும். கொடுப்பனவே இல்லாதவருக்கு சம் தருவது பூச்சியம் அல்ல, நல். பெறுமதியிலிருந்து அதைக் கழித்தால் நிலுவையும் நல் (NULL) என்றே ஆகிவிடும், திரையில் வெறுமையாகத் தெரியும். அதிகம் கிடைக்க வேண்டியவருக்கே எண் தெரியாது. கோஆலெஸ் (COALESCE, நல் வந்தால் வேறு மதிப்பைத் தருவது) போட்டுப் பூச்சியமாக்கிவிட்டுக் கழியுங்கள். மற்றது, எண்ணிச் சொல்கிற கவுண்ட்டுக்குள் (COUNT) நட்சத்திரக் குறி போட்டால் வரிகளை எண்ணும், நிரலின் பெயரைப் போட்டால் நல் அல்லாதவற்றை மட்டும் எண்ணும். லெஃப்ட் ஜொயினுக்குப் பிறகு நட்சத்திரம் போட்டால், ஒன்றும் கொண்டுவராதவருக்கும் ஒன்று என்று வரும்.

குரூப் பை எழுதும்போது 1055 என்ற பிழை வந்திருந்தால், அதை நிறுத்த எஸ்கியூஎல் மோடை (sql_mode, தரவுத்தளம் எவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்ற அமைப்பை) மாற்றச் சொல்லி இணையத்தில் பலர் எழுதியிருப்பார்கள். மாற்றாதீர்கள். மைஎஸ்கியூஎல் 5.7 இலிருந்து அந்தக் கட்டுப்பாடு இயல்பாகவே இருக்கிறது, நல்ல காரணத்தோடு இருக்கிறது. ஒருவருக்குப் பத்து வரிகள் உள்ளபோது எந்த வரியின் திகதியைக் காட்டுவது என்று நீங்கள் சொல்லவில்லை என்பதே அந்தச் செய்தி. கடைசித் திகதி வேண்டுமா, மக்ஸ் (MAX, மிகப் பெரியது) போடுங்கள்.

திகதி பற்றி உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பால் காலையிலும் பின்னேரமும் வருகிறது. நிரலில் நேரமும் சேர்ந்திருந்தால், மார்ச் 1 இலிருந்து மார்ச் 31 வரை என்று பிட்வீன் (BETWEEN, இரண்டுக்கும் இடைப்பட்டது) போடுவது, மார்ச் 31 நள்ளிரவு பூச்சிய மணியோடு நின்றுவிடும். அன்று முழுவதும் ஊற்றிய பால் எந்த மாதத்திலும் சேராது. மார்ச் 1 அல்லது அதற்குப் பின், ஏப்ரல் 1க்கு முன் என்று எழுதுங்கள். இன்னொன்று, சேவையகம் உலகப் பொது நேரத்தில் ஓடினால் எங்கள் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். விடிய ஐந்து மணிக்குக் கறந்து கொண்டுவந்த பால் முதல் நாள் கணக்கில் விழும். ஒரு நாள் காலைப் பதிவை எடுத்து, கொப்பியில் உள்ள நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

இனிப் பெயர். தமிழில் கோ என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாக வைத்திருக்கலாம். ஓகாரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம், அல்லது ஏகாரக் குறியும் காலும் தனித்தனி இரண்டு குறியீடுகளாக இருக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் ஒரு விசைப்பலகையில் அடித்த கோபாலை இன்னொரு விதத்தில் அடித்த கோபால் கண்டுபிடிக்காமல் போகலாம். போஸ்ட்கிரெஸில் (PostgreSQL, இன்னொரு தரவுத்தள மென்பொருள்) சாதாரணமாக இரண்டும் சமமல்ல, இரண்டையும் ஒரே வடிவமாக்க 13ஆம் பதிப்பிலிருந்து அங்கே நோர்மலைஸ் (NORMALIZE) என்ற செயற்கூறு (function) உண்டு. மைஎஸ்கியூஎல் என்றால், பெயரைப் பதிகிற மென்பொருளிலேயே ஒரே வடிவத்துக்கு மாற்றிப் பதிவதுதான் நல்லது. சந்தேகமான இரண்டு பெயர்களுக்கும் ஹெக்ஸ் (HEX, உள்ளே இருக்கிற குறியீட்டு எண்களைக் காட்டுவது) செயற்கூறைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். பழைய கோப்புகளைப் பாமினி எழுத்துருவிலிருந்து ஏற்றியிருந்தால் அதற்குள் இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகள். முதலில் யூனிகோட்டுக்கு மாற்றுங்கள்.

எப்படியும் பெயரை வைத்து ஆளைச் சேர்க்காதீர்கள். எங்கள் ஊர்களில் ஒரே கிராம அலுவலர் பிரிவில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அடையாள அட்டை எண்ணிலும் கவனம் வேண்டும்: பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வருவது 12 இலக்கம். ஒரே ஆள் இரண்டாலும் பதிந்திருக்கலாம். பழையதன் முன்னால் 19 சேர்த்து, பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் நுழைத்து, கடைசி எழுத்தை விட்டால் புதிய வடிவம் வரும். எல்லாவற்றையும் அப்படி மாற்றி, எண்ணாக அல்லாமல் எழுத்துச் சரமாகச் சேமியுங்கள். முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் நிரலாக) நீங்களே கொடுக்கிற அங்கத்துவ இலக்கம் இருக்கட்டும்.

வினவலின் வேகம் பற்றியும் ஒரு சொல். சில ஆயிரம் வரிகளுக்கு இப்போது கவலைப்பட ஒன்றுமில்லை. அந்நியச் சாவி (இன்னோர் அட்டவணையின் வரியைச் சுட்டும் இலக்கம்) நிரல்களுக்கும் திகதிக்கும் இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அகரவரிசை போன்றது) போடுங்கள், திகதி நிரலைச் செயற்கூறுக்குள் சுற்றி ஒப்பிடாதீர்கள், மெதுவானால் எக்ஸ்பிளெயின் (EXPLAIN, வினவல் எப்படி ஓடும் என்று காட்டுவது) போட்டுப் பாருங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. கூட்டுத்தொகை இரட்டிக்கிற ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய ஒரு மாதத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, கையால் கூட்டுங்கள். திரையில் வருவதைக் கையால் வந்ததால் வகுத்தால் வருகிற எண், அந்த மாதம் அவர் எத்தனை தடவை காசு பெற்றார் என்ற எண்ணாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் இதைக் கருத்தில் எழுதுங்கள்: உங்கள் பால் அட்டவணையில் ஒரு வரி என்பது ஒரு நாளா, ஒரு வேளையா? அது தெரிந்தால் வினவலை நானே முழுவதாக எழுதித் தருகிறேன்.