1573 என்று போட்டிருக்கிறது, சரி. பின்பக்கம் என்ன இருக்கிறது?

கேள்வி: சைப்ரஸில், லிமசோலில் ஒரு கப்பல் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நிக்கோசியாவில் ஒரு பழம்பொருள் கடையில், ஃபிரேம் போட்ட சைப்ரஸ் வரைபடம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. தலைப்பிலேயே 1573 என்று இருக்கிறது, ஆர்ட்டீலியஸ் வெளியிட்டது என்கிறார்கள். "அசல், சான்றிதழும் உண்டு" என்று சொல்கிறார்கள். விலை என் ஒரு மாதச் சம்பளம். வாங்கலாமா?

பதில்: அந்த 1573, அச்சிடுவதற்காகப் படத்தைச் செப்புத் தகட்டில் வெட்டிய ஆண்டு. உங்கள் காகிதம் அச்சான ஆண்டு அல்ல. ஆபிரகாம் ஆர்ட்டீலியஸ் 1570இல் ஆன்ட்வெர்ப்பில் வெளியிட்ட அட்லஸில் இந்தப் படம் 1573இல் சேர்ந்தது. ஒட்டோமான் படை ஃபமகுஸ்டாவைப் பிடித்து இரண்டே வருடம். சைப்ரஸ் எங்கே இருக்கிறது என்று ஐரோப்பா முழுக்கத் தேடிய நேரம். அப்புறம் 1612 வரை அதே தகட்டுக்குத்தான் மறுபடி மறுபடி மையிட்டு அச்சிட்டார்கள், ஆண்டை மாற்றவில்லை. போன வாரம் யாராவது நகலெடுத்திருந்தாலும் அதிலும் 1573தான் இருக்கும்.

அதனால் படத்தைத் திருப்பிப் பாருங்கள். அட்லஸிலிருந்து வந்த தாள் என்றால் முதுகில் சைப்ரஸைப் பற்றிய கட்டுரை அச்சாகியிருக்கும், நடுவில் மடிப்பு இருக்கும். கட்டுரை எந்த மொழி என்பதை வைத்துப் பதிப்பைக் கண்டுபிடிக்கலாம். ஆங்கிலம் என்றால் 1606 லண்டன் பதிப்பு. வெறும் வெள்ளையாக இருந்தால் வாங்காதீர்கள்.

ஃபிரேமைக் கழற்றச் சொன்னால், "பழைய காகிதம், கிழிந்துவிடும்" என்பார்கள். நம்பாதீர்கள். அது கந்தல் துணியில் செய்த காகிதம், நம் செய்தித்தாளைவிடக் கெட்டி. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டும் தள்ளித்தள்ளிய கோடுகளும் தெரிய வேண்டும். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸால் கோடுகளைப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் நவீன அச்சு. டீத்தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கியதையும் பார்த்திருக்கிறேன். வயதான காகிதம் அவ்வளவு சீராகப் பழுக்காது.

படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். இதில் ஒரு விலக்கு உண்டு, கவனமாகக் கேளுங்கள். அந்தத் தடம் செப்புத் தகட்டு அச்சுக்கு மட்டும்தான். பெனடெட்டோ போர்டோனேயின் 1528 தீவு வரைபட நூலில் உள்ளவை மர அச்சு. மரத்தில் மேடாக நிற்கும் கோடுதான் மையை ஏந்தும், பலகையின் விளிம்பு காகிதத்தில் பதியாது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி கிச்சனர் அளந்து 1885இல் பதினைந்து தாள்களாக வந்த சைப்ரஸ் படம் கல்லச்சு, அதிலும் கிடையாது. ஆர்ட்டீலியஸ் தாளிலும், முன்னாள் சொந்தக்காரர் ஃபிரேமுக்காக ஓரத்தை நறுக்கியிருந்தால் தடம் போயிருக்கும். தடம் இல்லை என்பதற்காக மட்டும் ஒரு நல்ல தாளைத் தள்ளிவிடாதீர்கள்.

வண்ணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆர்ட்டீலியஸே வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டித் தொழிலுக்கு வந்தவர். மூலையில் இருக்கும் குட்டித் தீவு லெம்னோஸ், ஏஜியன் கடலில் இருக்கிறது. சைப்ரஸுக்குப் பக்கத்துத் தீவு என்று விற்பவர் சொன்னால், அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது தெரிந்துவிடும்.

சான்றிதழ்! கடைக்காரர் தன் சரக்குக்குத் தானே எழுதும் நற்சான்று அது. எனக்குக் கோபம் நூலகங்கள் மேலும்தான். 2005இல் ஃபோர்ப்ஸ் ஸ்மைலி என்ற பெயர்போன வரைபட வியாபாரி யேல் பல்கலைக்கழக நூலகத்தில் பிடிபட்டார். கத்தி அலகு தரையில் விழுந்து கிடந்ததை ஒருவர் பார்த்ததால். 97 வரைபடங்களைத் திருடியதாக ஒப்புக்கொண்டார். அதில் பல தொலைந்தது நூலகங்களுக்கே தெரியாது! அவர்கள் கணக்கு வைக்காததால், நூலக முத்திரையைச் சுரண்டிய தடம் இருக்கிறதா என்று நாம் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். "பாட்டி வீட்டுப் பரணிலிருந்து" என்பது பதில் அல்ல.

எல்லாம் சரியாக இருந்தால், "ஆர்ட்டீலியஸ் அட்லஸ் தாள், இன்ன மொழிப் பதிப்பு, அசல் இல்லையென்றால் முழுப்பணம் வாபஸ்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். "பழைய வரைபடம், ஒன்று" என்று மட்டும் எழுதினால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.